மைக்கில் நான் சொன்ன அயிரைக் கிடங்கு

குண்டாற்றங்கரையில் நீங்கள் தினமும் குனிந்து பார்க்கிற நான்கு சிமெண்டுத் தொட்டிகளும் நான் கட்டியவை. களர் மண்ணில் தொட்டி நிற்காது, ஒரே கோடையில் வெடித்துவிடும் என்று படித்த பொறியாளர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நான் முழ ஆழத்துக்கு மண்ணை வெட்டி எறிந்து, ஆற்று மணலைக் கொட்டி, இடித்து இறுக்கி, அதன்மேல் கட்டினேன். இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. தடுப்பணைக்குக் கீழே மிச்சம் இருக்கிற மணல் படுகை, மணல் லாரிக்கு முன்னால் மல்லாந்து படுத்து நான் மீட்டது. ஊசி மருந்து இல்லாமல் தொட்டியில் அயிரை மீனை முட்டையிட வைத்தவனும் நான்தான். பூவாளியை ஏணியில் கட்டி, மூன்று நாள் விடாமல் மழைபோலத் தூவினேன். நான்காம் நாள் முட்டை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆங்கிலத்தில் எனக்கு வருவது கையெழுத்து மட்டும்தான். இத்தனையும் இந்தக் கமுதி வெயிலில், கால் செருப்பில்லாமல் ஆரம்பித்துச் செய்தவை. காத்தமுத்து செய்தான் என்று ஊருக்கே தெரியும்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், இந்தத் தொட்டிகளைப் பற்றிப் போடுகிற புத்தகத்துக்கு என் அனுபவத்தையும் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். தொட்டி கழுவுவது, இரை போடுவது எல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு கோடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அயிரையைக் காக்க வருவதற்கு முன் இருபது வருடம் அயிரையைப் பிடித்து விற்றவன் நான். விரல் நீளம்தான் இருக்கும். மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மணலோடு சேர்த்து அரித்தால் கூடை நிறையும். உயிரோடு பானையில் போட்டுக் கமுதிச் சந்தைக்குக் கொண்டுபோனால், படியால் அளந்து வாங்குவார்கள். மணலை லாரிகள் அள்ளின. மணலுக்குள் இருந்ததை நாங்கள் அள்ளினோம். ஒருநாள் காலையில் இருந்து சாயங்காலம்வரை அரித்தும் ஏழு மீன்தான் கிடைத்தது. அந்த ஏழையும் விற்றேன்.

அப்போதுதான் அந்த மேடம் வந்தார். ஆற்று மீன்களை ஆராய்ச்சி செய்கிறவர். பெயரைப் போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. சந்தையில் என் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க பிடிச்சதுன்னு காட்டுறீங்களா?" என்று கேட்டார். காட்டினேன். அன்றிலிருந்து அவரிடம்தான் வேலை. அவர் எனக்குச் சொன்ன முதல் விதி இது: மீன் இருக்கிற இடத்தை வெளியாள் யாரிடமும் சொல்லக்கூடாது. நான் சிரித்தேன். "மேடம், இருபது வருசமா அயிரை கிடக்குற இடத்த எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. சொன்னா மறுநாளே அவ தம்பி வந்து நிப்பான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் ஆறு முழுவதும் காய்ந்துவிட்டது. தடுப்பணைக்குக் கீழே, நாங்கள் கிடங்கு என்று சொல்கிற ஒரு பள்ளம் மட்டும் தண்ணீரோடு இருந்தது. ஒரு வீட்டு முற்றத்தின் அகலம், இடுப்பு ஆழம். எங்களுக்குத் தெரிந்த அளவில் இந்தப் பக்கத்து ஆற்றில் மிஞ்சிய அயிரை எல்லாம் அதற்குள்தான். தொட்டிகள் அப்போதுதான் கட்டி முடிந்திருந்தன. சிமெண்டின் காரம் போகத் தண்ணீர் கட்டி வைத்திருந்தோம். இன்னும் ஒரு மாதம் போனால் மீன்களை எடுத்துவந்து தொட்டியில் விடலாம் என்பது மேடத்தின் கணக்கு. அந்த ஒரு மாதத்தைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கிடங்குக்குக் காவல் நானும் இருளப்பனும். இருளப்பன் என்னைவிடப் பத்து வயது இளையவன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனை நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அதிகம் பேசமாட்டான். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

தண்ணீர் குறையக் குறைய டேங்கரில் போர்வெல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் டேங்கர் வந்து குழாயைத் திருகும்போது நான் உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். லேசாகக் கரித்தது. கொண்டுவந்தவர் சோதனைச் சீட்டைக் காட்டினார். சீட்டு மாசியில் எடுத்தது. அப்போது சித்திரை. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் வெயில் ஏற ஏற உப்பாகும் என்பது சீட்டுக்குத் தெரியுமா? "திருப்பி ஓட்டும்" என்றேன். அவர் குதித்தார். "மேலிடத்து உத்தரவு, உம்ம நாக்குக்கு எவன்யா பொறுப்பு?" என்றார். "எந் நாக்குக்கு நாந்தான்யா பொறுப்பு. ஓட்டும்" என்றேன். மறுநாள் மேடம் அந்தப் போருக்கே போய்க் கருவியை வைத்துப் பார்த்தார். அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் கிடங்கே முடிந்திருக்கும். சீட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

ஆனால் தண்ணீருக்கு என்ன செய்வது? ஊருக்குள் போய் ஊரணித் தண்ணீர் கேட்டேன். குடிக்கிற தண்ணீர். பெண்கள் முதலில் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள்.

"மனுசனுக்கே வரிசையில நிக்கோம், மீனுக்குத் தண்ணி கேக்குறீகளே, வெக்கமா இல்ல?"

"ஒரு வீட்டுக்கு ஒரு குடம் போதும் தாயி. மழை பேஞ்சதும் உங்க ஆத்துல மீனு ஓடும், பாருங்க."

"ஓடுனா நீங்க பிடிச்சு வித்துப்பிடுவீக."

சிரித்தார்கள். சிரித்தாலும் தினமும் சாயங்காலம் இருபது இருபத்தைந்து குடம் வந்தது. தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்தார்கள். கிடங்கில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. 'மேடத்தோட ஆராய்ச்சி மீன்' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அதுவரை என் வாய் ஒழுங்காகத்தான் இருந்தது.

பிறகு அழிகண்மாய் வந்தது. வெளியூரில் இருந்து வந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீராகும்போது, ஊர் கூடி நாள் குறித்துச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடிந்ததும் கரையில் சாமி கும்பிட்டுவிட்டு, ஊர் மதிக்கிற ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் வந்த கூட்டம் அத்தனையும் உள்ளே இறங்கும். யாரும் யாரையும் தடுக்கக்கூடாது. பிடித்த மீனை விற்கக்கூடாது, குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அன்று பிடித்த மீனைப் பற்றி யாரும் யாரையும் கேள்வி கேட்கவும் கூடாது. அப்படி நடந்தால் அந்த வருடம் மழை உண்டு. வெறுங்கூடையோடு ஆட்கள் திரும்பினால் மழைக்கு ஆகாது. எங்கள் பக்கத்து நம்பிக்கை இது.

ஊர்த் தலைவரான அம்பலம் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, இந்தத் தடவ துண்ட நீங்கதான் வீசணும்."

"நானா? உங்க அய்யா இருக்கையில நானா?"

"அய்யாவுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. அதோட நீங்க லாரிக்கு முன்னால படுத்துப் பேப்பர்ல படம் வந்த ஆளு. நாலு ஊருக்காரன் பாக்கட்டும்ணே."

இருபது வருடம் அந்தக் கண்மாய்க் கரையில் நான் ஓரமாக நின்றவன். துண்டு வீசுகிற இடத்துக்குப் பக்கத்தில்கூட என்னை விட்டதில்லை. சரி என்றேன். மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க கிடங்குலயே இருந்தா நல்லது" என்றார். இருந்தால் நல்லது என்றுதான் சொன்னார், இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று காலை வெள்ளை வேட்டி சட்டையோடு கிடங்கு வழியாகப் போனேன். இருளப்பன் அணைக் கல்லில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மூணு ஊரு ஆளு இந்த வழியாத்தான் போறாய்ங்க. நீங்களும் இங்கன இருந்தா நல்லாருக்கும்."

"ஏலே, அவனுகளுக்கு இது சேத்துக்குட்டை. எட்டிப் பாத்துட்டுப் போயிருவாய்ங்க. துண்ட வீசிட்டு அரை மணியில வாரேன்."

"துண்டு வீச ஊருல வேற கையே இல்லையாக்கும்."

"ஏன்டா, பொறாமையா?"

"ஆமா. சட்டையில கஞ்சி மொடமொடங்குது. பாத்து நடங்க, ஒடஞ்சிரப் போகுது."

இதுதான் அவன் என்னைக் கேலி செய்த கடைசி நாள்.

கரை முழுவதும் கூட்டம். ஊத்தாக் கூடை, கச்சா வலை, பழைய சேலை, கொசுவலை என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். மைக் செட் கட்டியிருந்தார்கள். அம்பலம் எனக்கு மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். கண்மாயில் அந்த வருடம் மீன் கம்மி என்று எனக்குத் தெரியும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டமும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் பேச ஆரம்பித்தேன். கை தட்டினார்கள். தட்டத் தட்டப் பேசினேன்.

"கண்மாயில மீனு இல்லைன்னு சடைச்சுக்காதீக. ஆத்துல அயிரை அத்துப்போச்சுன்னீகளே, அத்துப் போகல. ஒத்த ஆளா நான் காப்பாத்தி வச்சிருக்கேன். அணைக்குக் கீழ கிடங்குல எம்பிள்ளைக மாதிரி நெளிஞ்சுக்கிட்டுக் கிடக்கு!"

விசில் பறந்தது. நான் துண்டை வீசினேன்.

அரை மணி நேரத்தில் கண்மாய் சேறாகிவிட்டது. ஆளுக்கு நாலு பொடி ஜிலேபிக் கெண்டை கிடைத்திருந்தால் அதிகம். பாதிப் பேர் கூடை காலி. ஒரு பெண் கரையேறி வந்து காலிக் கூடையை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

"பேப்பர்க்காரரே, வெறுங்கூடையோட வீட்டுக்குப் போகவா? உங்க பிள்ளைக கிடக்குற கிடங்கு எந்தப் பக்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு கும்பல் அணைப் பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொரு கும்பல். கூப்பிட்டேன். மைக்கில் கூப்பிட்டேன். துண்டு வீசிய பிறகு யாரையும் தடுக்கக்கூடாது என்று அம்பலமே என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். மாலையோடு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது கிடங்குக்குள் நூறு பேராவது இருந்தார்கள். இருவர் இருவராகச் சேலையைப் பிடித்து மணலோடு அரித்தார்கள். தினமும் குடம் தூக்கி வந்த பெண்களும் அதில் இருந்தார்கள். என் மனைவியின் தம்பி பானையோடு நின்றான். "ஏலே, வெளிய வாடா!" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்து, உண்மையாகவே புரியாமல் கேட்டான்: "நீங்கதானே மச்சான் சொன்னீக?"

குடம் தூக்கிய பெண்ணொருத்தி சொன்னாள்: "எங்க ஊரணித் தண்ணியில வளந்ததுதானே. நாங்க திங்கக்கூடாதா?" அவளைத் தாண்டி இருளப்பனைத் தேடினேன்.

இருளப்பன் கிடங்கின் நடுவில் மார்பளவுச் சேற்றுத் தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முதலில் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். பிறகு கம்பை எடுத்திருக்கிறான். கம்பைப் பிடுங்கித் தள்ளியதில் அணைக் கல்லில் விழுந்து வலது கை முறிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் போய் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு மூன்று பேர் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். கை தொங்குவதைக் கண்டதும் விட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. தண்ணீர் கூழாகிக் கிடந்தது. மேலே சில அயிரைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"எந்திரிலே, ஆசுபத்திரிக்குப் போவம்."

"எந்திரிச்சா போயிரும்ணே."

"என்னத்தப் போகுது? எல்லாம் போச்சுடா."

"எங் காலுக்கடியில மணலு கலங்கல. ஓடுறது தெரியுது. கூசுது. பக்கத்துல சட்டியக் கொண்டாங்க."

அவன் தொடைகளுக்கு அடியில் ஒரு முறத்தளவு மணல் கலையாமல் இருந்தது. அவனை மெதுவாக நகர்த்தி, கையாலேயே துழாவி எடுத்தேன். பதினேழு அயிரை. அவன் இடது கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினான். எண்ணி முடித்த பிறகுதான் வலியில் கத்தினான்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேடமும் இருந்தார். கிடங்கு ஜனங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கேள்வி. நான் மைக்கில் சொன்னதை நான்கு ஊரும் கேட்டிருந்தது. ஒருவர் வாய் திறக்கவில்லை. அன்று பிடித்த மீனுக்குக் கேள்வி கிடையாது, அதோடு அத்தனை பேர் வயிற்றிலும் அயிரைக் குழம்பு. மேடம் என்னைப் பார்த்தார். "காத்தமுத்து, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். நான், "கரையில இருந்தேன் மேடம். இங்க என்ன நடந்துச்சுன்னு பாக்கல" என்றேன். அதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதுதான் அதில் இருக்கிற கேவலம். இருளப்பன் கையில் மாவுக்கட்டோடு பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். காவல் பணியில் கவனக்குறைவு என்று எழுதி அவனை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், பூவாளித் தூறலில், அந்தப் பதினேழில் இருந்த பெட்டைகள் தொட்டியில் முட்டையிட்டன. எனக்குச் சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவனைத் தேடிப் போனேன். தங்கச்சிமடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். உச்சிப்புளி தாண்டி, பாலம் தாண்டி இறங்கினால் உப்புக் காற்றும் கருவாடு வாசமும்தான். ஆற்று மீனுக்குக் காவல் இருந்தவன் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வலது கை முழங்கைக்கு மேல் எழும்பவில்லை. வலைக்குச் சொந்தக்காரி ஆரோக்கியம் என்கிற அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளா இவரு? கையி மெதுவாத்தான் ஓடுது. ஆனா வலையில ஒரு கண்ணியக்கூட விட மாட்டாரு. பெரிய படகுல ஐஸ் தூக்கத்தான் வந்தாரு, தூக்க முடியல. மாதாவுக்குப் புண்ணியமாப் போகட்டும்னு உக்கார வச்சிருக்கேன்" என்றார் அந்த அம்மா.

இருளப்பன் நிமிரவில்லை. "முட்டை பொரிச்சுச்சாமே?" என்று மட்டும் கேட்டான்.

"பொரிச்சுச்சுடா. ரெண்டு தொட்டி நெறைய."

அவன் கை நின்றது. பிறகு மறுபடி பொத்த ஆரம்பித்தான்.

"அன்னைக்கு ஏன்டா என்னைய மாட்டி விடல?"

"சொன்னா நம்புவாய்ங்களா? நீங்க பேப்பர்ல வந்த ஆளு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "நம்புனாலும் உங்கள அனுப்பிருவாய்ங்க. அப்புறம் அந்தப் பதினேழ யாருண்ணே பாப்பா? எனக்குக் கையி இல்ல."

நான் மேடத்திடம் சொல்லி உன்னைத் திரும்பச் சேர்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். "வேற ஒரு எடத்துல காவலுக்குக் கேட்டேன். சேக்குற மாதிரித்தான் பேசுனாய்ங்க. அந்தக் காயிதத்தப் பாத்தாய்ங்க, காவக்காத்த லச்சணந்தான் தெரியுதேன்னு சிரிச்சாய்ங்க. வேல வேணாம்ணே. அந்த வார்த்தைய மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சொல்லவில்லை. மேடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த முறை என்று தள்ளினேன். போன ஐப்பசியில் மேடம் இறந்துபோனார். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

இளையவர்களே, மீனை இழந்தால் மறுபடி வளர்க்க ஒரு பதினேழாவது மிஞ்சலாம், ஒருத்தன் பேரைக் கெடுத்தால் அப்படி எதுவும் மிஞ்சாது. என் நாக்கு உப்புத் தண்ணீரைக் கண்டுபிடித்தது என்று மேலே பெருமையாக எழுதினேன். அது உண்மை, அதை வெட்ட வேண்டாம். அதே நாக்குதான் மைக்கில் பேசியது. விசாரணையில் பேசாமல் இருந்ததும் அதுவே. இந்த வேலையில் உங்களுக்குக் கை தட்டுகிற நாளன்றுதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

நீங்கள் அச்சுக்கு அனுப்பப்போகிற புத்தகத்தை என் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பு இருக்கிறது. 'உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புடன் தொட்டிகள் அமைக்கப்பட்டன' என்று போட்டிருக்கிறீர்கள். தொட்டியைக் கட்டியவன் காத்தமுத்து. அப்படியே போட வேண்டும். உள்ளூர் மக்கள் தந்தது ஊரணித் தண்ணீர், அதைத் தனியாகப் போடுங்கள். இன்னொரு இடத்தில், 'காவலரின் கவனக்குறைவால் கிடங்கில் இருந்த மீன்கள் அழிந்தன' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கிடங்கைக் காட்டிக் கொடுத்து மீன்களை அழித்தவன் காத்தமுத்து, மிஞ்சிய பதினேழைக் கை முறிந்தும் காத்தவன் இருளப்பன் என்று எழுதுங்கள். என் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் போடுங்கள். அச்சான முதல் பிரதியைத் தங்கச்சிமடத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விடுவதாக இருந்தால், நான் எழுதிய இந்தத் தாள்களை எனக்கே திருப்பித் தந்துவிடுங்கள்.